அடியில் வைரம்

கண்ணாடிக் குழாய்க்கு ஜாதகம் பார்ப்பவர்களும் இந்த உலகத்தில் உண்டு. நண்பர் ஒருவர் ஆம்ப்ளிஃபயருக்கு ஈசிசி83 என்ற வெற்றிடக் குழாய் வால்வு வாங்கப் போனால் அது பாடுமா என்று கேட்கமாட்டார். குப்புறக் கவிழ்த்து, பூதக்கண்ணாடி வைத்து அடிவயிற்றைப் பார்ப்பார். ஊசிகளுக்கு நடுவே, கண்ணாடியிலேயே சின்னதாய் ஒரு வைர வடிவம் இருந்தால் ஜெர்மனியின் டெலிஃபங்கன் கம்பெனி தயாரிப்பு. விலை எகிறிவிடும். ஓரத்தில் பொறித்த குறியீடு 'பி' என்று தொடங்கினால் இங்கிலாந்தில் முல்லார்டின் பிளாக்பர்ன் ஆலைப் பிள்ளை. மேலே அச்சடித்த பெயரை மட்டும் நம்பக் கூடாதாம்; அழித்துவிட்டு வேறு பெயர் அடிக்க எவ்வளவு நேரமாகும்? (பெண் பார்க்க வந்தபோதுகூட இவ்வளவு விசாரிக்கவில்லை என்பது அவர் மனைவியின் வாக்குமூலம்.)

போன மாசம், 'பெட்டி பிரிக்காத பழைய சரக்கு' என்று ஒரு ஜோடி வந்திறங்கியது. பிரித்தார். உச்சியில் வெள்ளிபோல் மின்ன வேண்டிய பூச்சு, ஒன்றில் பால்வெள்ளையாய் வெளுத்துக் கிடந்தது. உள்ளே காற்று புகுந்துவிட்டது என்று அர்த்தம். வெற்றிடத்துக்குக் காசு கொடுத்தவருக்குக் காற்று இலவசம்.

தூக்கி எறிந்தாரா? ஷோகேஸில் வைத்திருக்கிறார். அடியில் வைரம் இருக்கிறதே! பாட்டெல்லாம் இப்போதைக்கு செல்போனில்தான்.