வேலை வீட்டில், வழக்கு மும்பையில்

திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டியில் ஒரு படுக்கையறையில் உட்கார்ந்தபடி மும்பை கம்பெனிக்கு வேலை பார்க்கலாம். 2020 ஊரடங்கு அதைக் கற்றுக்கொடுத்துவிட்டது. நாற்காலி உங்களுடையது. கரண்ட் பில் உங்களுடையது. இன்டர்நெட் உங்களுடையது. லேப்டாப் மட்டும் கம்பெனியுடையது. வேலை போனதும் அதுவும் கூரியரில் திரும்பிப் போய்விடும். வேலையை விட்டுத் தூக்க ஒரு வீடியோ கால் போதும். அதற்காக எந்த ஹெச்.ஆரும் ரயிலேறி வருவதில்லை.

வழக்குப் போடலாம் என்று நீங்கள் நினைக்கும்போதுதான் தூரம் என்ற ஒன்று திடீரென்று முளைக்கிறது.

ஆஃபர் லெட்டரின் கடைசிப் பக்கத்தைப் புரட்டுங்கள். எந்தத் தகராறும் மும்பை நீதிமன்றங்களுக்கு மட்டுமே உட்பட்டது என்று பொடி எழுத்தில் ஒரு வரி கிடக்கும். கீழே உங்கள் கையெழுத்து. போட்டிருக்காவிட்டால் வேலை இல்லை. இதற்குப் பெயர் இருதரப்புச் சம்மதம்.

2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இந்த வரிக்கு முத்திரை குத்தியது. எச்.டி.எஃப்.சி. வங்கியில் பாட்னாவிலும் தில்லியிலும் வேலை பார்த்து நீக்கப்பட்ட இருவர், அவரவர் ஊரில் வழக்குப் போட்டிருந்தார்கள். மும்பைக்குப் போங்கள் என்றது தீர்ப்பு. ஒப்பந்தம் என்றால் ஒப்பந்தம்தான். ஒரு பக்கம் பலமுள்ள சிங்கம், மறுபக்கம் மிரண்ட முயல் என்பதற்காக வேலை ஒப்பந்தத்தைத் தனியாகப் பார்த்தால் சமத்துவம் கெட்டுவிடுமாம். நல்லது. சிங்கத்துக்கும் முயலுக்கும் ஒரே சட்டம். விசாரணை மட்டும் குகைக்குள்.

1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆவது பிரிவு சொல்வது இதுதான்: நீதிமன்றத்துக்கே போகக் கூடாது என்று எழுதினால் செல்லாது. விசாரிக்கத் தகுதியுள்ள நீதிமன்றங்களில் ஒன்றை மட்டும் விட்டுவைத்து மற்றதை அடைத்தால் செல்லும் என்பது நீதிமன்றங்கள் அதற்குத் தந்த விளக்கம். ஆக, கதவைச் சாத்துவது தப்பு. ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர் தள்ளி வைப்பது தப்பில்லை. ரயில் டிக்கெட், லாட்ஜ் வாடகை, வக்கீல் ஃபீஸ், அப்புறம் வாய்தா. சம்பளம் நின்றுபோனவன் இத்தனையும் கட்டித்தான் சம்பளம் கேட்க வேண்டும். இ-ஃபைலிங் இருக்கிறதே, வீடியோவில் ஆஜராகலாமே என்பார்கள். அதே வீடியோவில் கம்பெனி திருவள்ளூர் நீதிமன்றத்தில் ஆஜராகட்டுமே! வலிக்குமா?

தொழிலாளர் நீதிமன்றம் இருக்கிறதே என்பீர்கள். அங்கேயும் முதல் சண்டை ஊருக்குத்தான். காஸியாபாத்தில் வேலை பார்த்து, அங்கேயே நீக்கப்பட்ட ஓட்டுநர் ஒருவர் தில்லிக்குக் குடிபோய், கம்பெனியின் தலைமை அலுவலகம் இருக்கும் அந்த ஊரிலேயே வழக்காடினார். காஸியாபாத்தில்தான் போட்டிருக்க வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பாண்டிச்சேரியில் வேலை இழந்த ஒருவர், நீக்கும் முடிவு எடுக்கப்பட்ட அவுரங்காபாத்தில் வழக்குப் போட்டது சரிதான் என்று 2016இல் அதே நீதிமன்றம் சொன்னது. வேலை போனது நியாயமா என்ற கேள்வி வாசலிலேயே நின்றது. எந்த வாசல் என்று தெரிந்துகொள்ளவே உச்ச நீதிமன்றம் வரை நடக்க வேண்டியிருந்தது.

வெளிமாநில முதலாளியைத் தேடி மும்பைவரை போவானேன்? ஆரம்பாக்கம் தாண்டினால் தடா, ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டை. அது ஆந்திரம். கும்மிடிப்பூண்டிப் பிள்ளைகள் கம்பெனி பஸ்ஸில் போய் ஷிப்ட் முடித்துத் திரும்புகிறார்கள். வேலை போனால் மனுவைத் தூக்கிக்கொண்டு ஆந்திரத் தொழிலாளர் துறையிடம் நிற்க வேண்டும். இந்தப் பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை இழந்த ஒடிசாக்காரனும் பீகார்க்காரனும் ஊர் போய்ச் சேர்ந்த பிறகு வாய்தாவுக்கு இங்கே வர வேண்டும். யார் எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் நீதி அவன் ஊரில் இல்லை. தேசிய ஒருமைப்பாடு என்றால் இதுதான்.

இதற்கும் மேலே ஒரு வடிகட்டி உண்டு. தொழிலாளர் நீதிமன்றம் ‘தொழிலாளி’க்கு மட்டும். உங்களுக்கு மேனேஜர் பட்டம் கட்டியிருந்தால், நீங்கள் யாரையும் மேய்க்காத மேனேஜராக இருந்தாலும், நீங்கள் தொழிலாளியே இல்லை என்று கம்பெனி வாதாடும். 2015இல் டி.சி.எஸ். நீக்கிய ஓர் ஊழியர் இந்த வாதத்தை எதிர்த்து நின்றார். தொழிலாளிதான், மறுபடி வேலையில் சேர்த்துக்கொள் என்று சென்னைத் தொழிலாளர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது 2022 ஆகிவிட்டது. ஏழு வருஷம். இத்தனைக்கும் உள்ளூர் வழக்கு.

அரசு சும்மா இருக்கவில்லை. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வேலைநீக்கத்தை எதிர்த்துத் தீர்ப்பாயத்துக்குப் போக முன்பு 3 ஆண்டு அவகாசம். இப்போது 2. வழக்குப் போடும் கெடு சுருங்கியது. முடிப்பதில் அந்த அவசரம் தெரியவில்லை.

இதெல்லாம் உலக நடப்பு என்று சொல்லித் தப்ப முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2012ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, தான் வழக்கமாக வேலை பார்த்த ஊரிலேயே ஊழியர் வழக்குப் போடலாம். தகராறு வருவதற்கு முன்பே எழுதி வாங்கிய ஊர்க் கட்டுப்பாடு அவரைக் கட்டாது. அங்கேயும் சிங்கங்கள் இருக்கின்றன. பட்டினி கிடப்பதாகத் தகவல் இல்லை.

நம் நாடாளுமன்றத்துக்கு இது தெரியாத வித்தையும் இல்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, மும்பை கம்பெனியிடம் வாங்கிய மிக்சி புகைந்தால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, திருவள்ளூர் நுகர்வோர் ஆணையத்திலேயே, புகார் கொடுக்கலாம். கம்பெனிதான் வந்து பதில் சொல்ல வேண்டும். எண்ணூறு ரூபாய் மிக்சிக்கு இருக்கிற சொந்த ஊர் உரிமை, எட்டு வருஷம் உழைத்த மனுஷனுக்கு இல்லை.

ஆகவே பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு. வேலைக்குச் சேரும்போது ஆஃபர் லெட்டர் கேட்காதீர்கள். பில் கேளுங்கள்.