தேதி கிழிக்கும் நேரம்

தென்காசி வாசகர்: ஒரே தேதியில் எத்தனையோ பெரிய சம்பவங்கள் நடந்திருக்கின்றன. இதில் ஏதாவது சூட்சுமம் இருக்கிறதா?

இருக்கிறது. அதற்கு வகுத்தல் கணக்கு என்று பெயர். பிப்ரவரி 29-ஐச் சேர்த்தாலும் வருடத்துக்கு 366 தேதிதான். சரித்திரமோ ஆயிரக்கணக்கான வருடம். ஒவ்வொரு தேதியிலும் ஒரு ராஜா செத்திருப்பார், ஒரு மேதை பிறந்திருப்பார், ஒரு கப்பல் கவிழ்ந்திருக்கும். ஆவணி முகூர்த்த நாளில் ஒரே தெருவில் நாலு கல்யாணம் நடந்தால், நாலு மாப்பிள்ளைகளுக்கும் பூர்வஜென்ம பந்தம் என்றா சொல்கிறோம்? எந்த மண்டபத்தில் சாப்பாடு நன்றாயிருக்கும் என்றுதானே விசாரிக்கிறோம்!

வேண்டுமானால் ஒரு பரீட்சை. ஓர் அறையில் 23 பேர் இருந்தாலே போதும். அவர்களில் யாராவது இரண்டு பேருக்கு ஒரே பிறந்தநாள் இருக்கும் வாய்ப்பு பாதியைத் தாண்டிவிடும். 57 பேர் என்றால் 99 சதவீதம். கணக்கு வாத்தியார்கள் இதை நிரூபித்துக் காட்டுவார்கள். அப்போதும் நம்ப மனசு வராது.

ஆனால் சில தேதிகள் தானாகப் பொருந்தியவை அல்ல. யாரோ ஒரு ஆசாமி கொண்டுவந்து பொருத்தியவை. எனக்கு அந்த ஆசாமி மேல்தான் ஆர்வம்.

மன்னார்குடி வாசகர்: இந்தியாவுக்கும் தென் கொரியாவுக்கும் ஆகஸ்ட் 15தான் விசேஷ நாள். தற்செயல்தானே?

இல்லை ஐயா, இங்கேதான் ஆசாமி இருக்கிறார். 1945 ஆகஸ்ட் 15 அன்று ஜப்பான் சக்கரவர்த்தி ஹிரோஹிட்டோ வானொலியில் பேசி, தோல்வியை ஒப்புக்கொண்டார். ஜப்பானின் பிடியிலிருந்த கொரியாவுக்கு அன்றுதான் விடிந்தது. 1948-ல் குடியரசை அறிவிக்க நாள் பார்த்தபோது தென் கொரியர்கள் வேறு தேதியை யோசிப்பார்களா?

நம் கதைக்கும் வேர் அங்கேதான். அந்த யுத்தத்தில் தென்கிழக்கு ஆசியாவில் நேசநாட்டுப் படைகளுக்குத் தலைமைத் தளபதி, மவுண்ட்பேட்டன். பிறகு வைஸ்ராயாக இங்கே வந்து சேர்ந்தார். லண்டன் அவருக்குக் கொடுத்த கெடு 1948 ஜூன். அவரோ 1947 ஜூன் 4 அன்று பத்திரிகையாளர்களிடம் ஆகஸ்ட் 15 என்று அடித்துச் சொல்லிவிட்டார். ஜப்பான் சரணடைந்த இரண்டாம் ஆண்டு நிறைவு என்பதால் அந்தத் தேதி மனசில் வந்தது என்று பிற்காலத்தில் அவரே விளக்கினார். தம் வெற்றி விழாவை நம் தலையில் கட்டினார் என்றும் சொல்லலாம்.

ஜோசியர்கள் பதறினார்கள். அந்த வெள்ளிக்கிழமை ஆகாது என்றார்கள். வைஸ்ராய் மசியவில்லை, கிரகங்களும் மசியவில்லை. கடைசியில் 14-ஆம் தேதி இரவே அரசியல் நிர்ணய சபையைக் கூட்டி, நள்ளிரவில் காரியத்தை முடித்தார்கள். இங்கிலீஷ் கணக்குக்கு நள்ளிரவில் நாள் மாறிவிடும். பஞ்சாங்கத்துக்குச் சூரியன் உதிக்க வேண்டும். வெள்ளைக்காரருக்கு 15, ஜோசியருக்கு 14. இதைவிட நேர்த்தியான சமரசத்தை நான் பார்த்ததில்லை.

அதே வாசகர் (விடமாட்டேன் என்கிறார்): அரவிந்தர் பிறந்ததும் ஆகஸ்ட் 15-ஆமே?

ஆம், 1872-ல். திருச்சி வானொலி நிலையம் கேட்டு வாங்கி ஒலிபரப்பிய சுதந்திர தினச் செய்தியில், இது வெறும் தற்செயல் என்று தாம் கருதவில்லை, தெய்வ சம்மதம் என்றே கொள்வதாக அவர் சொன்னார். அவருக்குத் தெய்வம், எனக்கு மவுண்ட்பேட்டன். இதில் ஒரு வேடிக்கை: அன்று அரவிந்தர் இருந்த புதுச்சேரியில் பறந்தது பிரெஞ்சுக் கொடி.

விருதுநகர் வாசகர்: ஜனவரி 26-ஐத் தேர்ந்தெடுத்தது யார்?

ஞாயிற்றுக்கிழமை. நிஜமாகத்தான்! 1929 டிசம்பரில் லாகூர் காங்கிரஸ் பூரண சுயராஜ்யம் என்று தீர்மானித்தது. நாடு முழுக்க மக்கள் கூடி உறுதிமொழி எடுக்க ஒரு நாள் வேண்டும். ஜனவரியின் கடைசி ஞாயிறு என்று குறித்தார்கள். 1930-ல் அது 26-ஆம் தேதியில் வந்தது. அதற்கப்புறம் வருடா வருடம் அதுவே சுதந்திர தினம். உண்மையான சுதந்திரம் மவுண்ட்பேட்டன் தயவில் ஆகஸ்டுக்குப் போய்விட, ஜனவரி 26 அநாதையாக நின்றது. அதை விட்டுவிட மனசு வரவில்லை. 1949 நவம்பர் 26 அன்றே அரசியல் சட்டத்தை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அது முழுதாக நடைமுறைக்கு வர இரண்டு மாதம் காத்திருந்து 26-ஐப் பிடித்தார்கள்.

1788-ல் அதே ஜனவரி 26 அன்று சிட்னியில் இங்கிலாந்துக் கொடி ஏறியது, ஆஸ்திரேலியாவின் தேசிய தினம். அதற்கும் இதற்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. அது சுத்தமான தற்செயல்.

காரைக்கால் வாசகி: ஷேக்ஸ்பியரும் செர்வான்டிஸும் ஒரே நாளில் இறந்ததால்தான் ஏப்ரல் 23 உலகப் புத்தக தினம் என்கிறார்களே?

இருவருக்கும் 1616 ஏப்ரல் 23 என்று எழுதிவைத்திருப்பது உண்மை. இறந்தது ஒரே நாளில் அல்ல. ஸ்பெயின் 1582-லேயே போப் கிரிகோரியின் புதுக் காலண்டருக்கு மாறிவிட்டது. போப் சொன்னதைக் கேட்பதா என்று இங்கிலாந்து 1752 வரை பழைய காலண்டரிலேயே பிடிவாதமாக இருந்தது. அந்தக் கணக்கில் ஷேக்ஸ்பியர் பத்து நாள் பிந்திப் போனவர். போதாததற்கு, செர்வான்டிஸ் கண்மூடியது 22-ஆம் தேதி, 23 அடக்கம் செய்த நாள் என்கிறார்கள். யுனெஸ்கோ 1995-ல் இதையெல்லாம் கிளறாமல் விழாவை அறிவித்துவிட்டது. புத்தகம் விற்றால் சரி.

நீங்கள் காரைக்கால் என்பதால் கூடுதலாக ஒன்று. அந்தப் பிடிவாதத்தின் பலன் நம் கடற்கரையிலும் தெரிந்தது. 1700-க்குப் பிறகு வித்தியாசம் பதினொரு நாளாக வளர்ந்துவிட்டது. பிரெஞ்சுப் புதுச்சேரியில் 20-ஆம் தேதி கிளம்பி, மூன்று நாள் பயணம் செய்து ஆங்கிலேயர் கோட்டை வாசலில் போய் நின்றால், அங்கே தேதி 12! 1746-ல் பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடித்தபோது, ஜெயித்தவர் ஒரு தேதி எழுதினார், தோற்றவர் வேறொரு தேதி எழுதினார். புதுச்சேரியில் நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்த ஆனந்தரங்கப் பிள்ளையோ தமிழ் வருடம், தமிழ் மாதம் எல்லாம் போட்டு எழுதினார். எதற்கும் இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

பொள்ளாச்சி வாசகர்: அமெரிக்க ஜனாதிபதிகள் சுதந்திர தினத்தன்று சாவதை வழக்கமாக வைத்திருந்தார்களாமே?

மூன்று பேர். ஜான் ஆடம்ஸ், தாமஸ் ஜெஃபர்சன் இருவரும் 1826 ஜூலை 4 அன்று, பிரகடனத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவு நாளிலேயே, சில மணி நேர இடைவெளியில் போனார்கள். ஐந்து வருடம் கழித்து, 1831-ல் அதே தேதியில் ஜேம்ஸ் மன்ரோ. அந்த முதல் ஜோடியை வகுத்தல் கணக்கில் அடைக்க எனக்கே கொஞ்சம் தயக்கம். ஜெஃபர்சனுக்கு 83 வயது. ஜூலை 3 இரவு நினைவு தப்பித் தப்பி வந்தபோதெல்லாம் நாலாம் தேதி ஆகிவிட்டதா என்று கேட்டாராம். 90 வயது ஆடம்ஸ், ஜெஃபர்சன் இன்னும் இருக்கிறார் என்று முணுமுணுத்துவிட்டுக் கண்மூடியதாகச் சொல்வார்கள். ஜெஃபர்சன் அன்று மத்தியானமே போய்விட்டார். தந்தி வராத காலம். வர்ஜீனியாவின் சாவு மாசசூசெட்ஸுக்குத் தெரிய நாள் கணக்காகும். ஒரு தேதிக்காகப் பிடிவாதமாக உயிரைப் பிடித்துக்கொண்டிருக்க முடியும் என்று நம்புகிறவர்கள் ஜெஃபர்சனைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள். அடுத்தவர் மாடிசன். 1836-ல் அவரையும் மருந்து கொடுத்து ஜூலை 4 வரை இழுத்துப் பார்க்கலாமா என்று கேட்டார்களாம். வேண்டாம் என்று சொல்லி ஜூன் 28-ஆம் தேதியே புறப்பட்டுவிட்டார். சுதந்திர மனிதர் என்றால் அவர்தான்.

கொசுறு: சுதந்திரத்துக்கு வாக்களித்தது 1776 ஜூலை 2. வருங்காலம் அந்தத் தேதியைத்தான் கொண்டாடும் என்று மனைவிக்குக் கடிதம் எழுதியவர், இதே ஆடம்ஸ்.

மதுரை வாசகர்: உங்களுக்குப் பிடித்த தேதி எது?

பிடித்தது என்று சொல்ல வாய் வரவில்லை; விடாமல் துரத்துவது நவம்பர் 9. ஜெர்மானியர்கள் அதைத் தலைவிதி நாள் என்பார்கள்.

1918: யுத்தத்தில் தோற்ற ஜெர்மனியில் கைசர் முடியைத் துறந்தார். அதாவது, அவர் துறப்பதற்கு முன்பே பிரதமர் இளவரசர் மாக்ஸ், துறந்துவிட்டதாக அறிவித்துவிட்டார். அன்று மத்தியானம் சோஷல் டெமாக்ரட் தலைவர் ஷைடெமான் பாராளுமன்ற ஜன்னலில் நின்று குடியரசு என்றார். சற்று நேரத்தில் தீவிர இடதுசாரி லீப்க்னெக்ட் அரண்மனையிலிருந்து சோஷலிசக் குடியரசு என்றார். ஒரே ஊரில் ஒரே நாளில் இரண்டு குடியரசு.

1923: அந்தக் குடியரசை நவம்பர் துரோகிகளின் வேலை என்று திட்டிக்கொண்டிருந்த ஹிட்லர், முந்தின ராத்திரி ம்யூனிக் பீர் மண்டபம் ஒன்றில் புரட்சியைத் துவக்கி, 9-ஆம் தேதி ஊர்வலம் போனார். போலீஸ் சுட்டது. அவர் ஆட்களில் பதினாறு பேரும் போலீஸார் நால்வரும் செத்தார்கள்.

இனிமேல்தான் தேதி தானே வேலை செய்ய ஆரம்பிக்கிறது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த பிறகு வருடா வருடம் கட்சியின் பழைய கை எல்லாம் ம்யூனிக்கில் கூடி அந்தப் பதினாறு பேருக்குத் திதி கொடுப்பது வழக்கமாயிற்று. 1938 நவம்பர் 9 இரவும் அப்படித்தான் விருந்தில் இருந்தார்கள். இரண்டு நாள் முன்பு பாரிஸில் ஒரு யூத இளைஞன் சுட்ட ஜெர்மன் தூதரக அதிகாரி இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது. கோயபல்ஸ் எழுந்து பேசினார். கேட்டுக்கொண்டிருந்த மாவட்டத் தலைவர்கள் நேராகத் தொலைபேசிக்கு ஓடினார்கள். ஜெர்மனி முழுக்க யூதர்களின் கோவில்கள் எரிந்தன, கடைக் கண்ணாடிகள் நொறுங்கின. வேறொரு நாளாயிருந்தால் அத்தனை தலைவர்களும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

1989 கதை நேரெதிர், திட்டமே இல்லை. கிழக்கு ஜெர்மனி அரசின் சார்பில் பத்திரிகையாளர்களைச் சந்தித்த ஷபோவ்ஸ்கியிடம், கிளம்பும் நேரத்தில் ஒரு காகிதத்தைத் திணித்தார்கள். வெளிநாடு போக இனி தடை இல்லை என்ற புது விதி. மறுநாள்தான் வெளியிட வேண்டும். அதை முடிவு செய்த கூட்டத்தில் மனிதர் இல்லை. எப்போதிலிருந்து அமல் என்று நிருபர் கேட்க, காகிதத்தைப் புரட்டிவிட்டு, எனக்குத் தெரிந்து உடனே, தாமதமின்றி என்கிற பாணியில் சொல்லிவிட்டார். ஜனங்கள் பெர்லின் சுவருக்குப் படையெடுத்தார்கள். போர்ன்ஹோல்மர் தெருச் சாவடி அதிகாரி மேலிடத்துக்குப் போன் மேல் போன் போட்டுப் பார்த்தார். உருப்படியான பதில் இல்லை. ராத்திரி பதினொன்றரை வாக்கில் கதவைத் திறந்துவிட்டார். ஷபோவ்ஸ்கி ஒழுங்காகப் படித்திருந்தால் நவம்பர் 10 என்றுதான் இன்று பாடப் புத்தகத்தில் இருக்கும். இவ்வளவுக்கும் பிறகு, 1938-ஐ நினைத்துக்கொண்டு நவம்பர் 9-ஐத் தேசிய தினமாக்கக் கூசி, அக்டோபர் 3-ஐ வைத்துக்கொண்டார்கள். சரியான முடிவு.

நாகப்பட்டினம் வாசகர்: 26 ராசியில்லாத எண். குஜராத் பூகம்பம், சுனாமி, மும்பைத் தாக்குதல் எல்லாம் 26. என்ன சொல்கிறீர்கள்?

சுனாமியைக் கண்ணால் பார்த்த ஊர்க்காரர் கேட்கும்போது கேலி செய்ய மாட்டேன். ஈரானில் பாம் நகரம் இடிந்ததும் சுனாமிக்குச் சரியாக ஒரு வருடம் முன்பு, 2003 டிசம்பர் 26 அன்றுதான். ஆனால் லாத்தூர் பூகம்பம் செப்டம்பர் 30. தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனது டிசம்பர் 22-ஆம் தேதி இரவு. நேபாளம் ஏப்ரல் 25. கஜா புயல் நவம்பர் 16. இவற்றை யாரும் வாட்ஸ்அப்பில் சுற்றவிடவில்லை. 26-ஐ மட்டும் பொறுக்கினால் 26தான் கிடைக்கும்.

சிவகாசி வாசகர்: காமராஜர் காந்தி ஜெயந்தியன்று இறந்தது?

1975 அக்டோபர் 2. அது சாஸ்திரி பிறந்தநாளும்கூட. நேருவுக்குப் பிறகு சாஸ்திரியைப் பிரதமராக்கியதில் பெரிய பங்கு, அன்று காங்கிரஸ் தலைவராயிருந்த காமராஜருடையது. தற்செயல்தான். இருந்தாலும் இதை வகுத்தல் கணக்கு என்று சொல்லிவிட்டு உங்கள் மாவட்டத்தில் நடமாட எனக்குத் தைரியமில்லை.

ஈரோடு வாசகர்: பெரியார், எம்.ஜி.ஆர். இருவரும் டிசம்பர் 24-ல்?

ஆம், 1973, 1987. பெரியாரிடம் இதில் விசேஷம் உண்டா என்று கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்பதை உங்கள் ஊர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அடையாறு வாசகி: பிப்ரவரி 29-ல் பிறந்தவர்கள் பாவம் இல்லையா?

மொரார்ஜி தேசாயைக் கேட்டிருக்க வேண்டும். பிறந்தது 1896 பிப்ரவரி 29. நாலு வருடத்தில் பிறந்தநாள் வருமென்று பார்த்தால், 1900 லீப் வருடம் இல்லை. நானூறால் வகுபடாத நூற்றாண்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆக, எட்டு வயசில்தான் முதல் பிறந்தநாள், 1904 பிப்ரவரி 29. அன்றைக்கு மதுரையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. உங்கள் பேட்டையில் கலாக்ஷேத்ராவைத் துவக்கிய ருக்மிணி தேவி அருண்டேல்! 1977-ல் பிரதமரான மொரார்ஜி, அந்த அம்மையாரை ஜனாதிபதி வேட்பாளராக நிற்கும்படி கேட்டார். மறுத்துவிட்டார். நின்று ஜெயித்திருந்தால், நாட்டின் முதல் இரண்டு நாற்காலிகளுக்கும் நாலு வருடத்துக்கு ஒரு தடவை ஒரே நாளில் கேக் வெட்டும் செலவோடு போயிருக்கும். மொரார்ஜி கேக் சாப்பிட்டிருப்பாரா என்பது தனிக் கேள்வி; அடுத்த இதழுக்கு அனுப்புங்கள்.