சிரிக்கவும் ஆள் வைத்த பெருமனசு

தமிழ்த் தொலைக்காட்சியின் நகைச்சுவை மேடைக்கு இருக்கும் தாராள மனசு வேறெந்தக் கலைக்கும் கிடையாது. கச்சேரியில் பாடகர் பாடி முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார், கைதட்டுவதா வேண்டாமா என்று நாம்தான் முடிவு செய்தாக வேண்டும். கதை எழுதுகிறவர் எந்த வரியில் கண்கலங்க வேண்டும் என்று ஓரத்தில் குறித்து வைப்பதில்லை. சின்னத்திரை நம்மை அப்படித் தவிக்க விடாது. போட்டியாளர் பாதி வாக்கியம் சொல்வதற்குள் பின்னணியில் ஒரு ‘டொய்ங்’. மீதி வாக்கியத்துக்குள் நடுவர் நாற்காலியை விட்டு எழுந்து மேசையைத் தட்டுகிறார். விருந்தினர் கண்ணைத் துடைக்கிறார். அந்தச் சிரிப்பையே மெதுவாக ஓட்டி இன்னொரு தரம் காட்டுகிறார்கள். வேலை முடிந்து களைத்து வந்து உட்காருகிறவருக்கு, சிரிக்கிற சிரமமும் மிச்சம்.

இந்த உபசாரத்தைத் தொடங்கி வைத்த புண்ணியம் அமெரிக்கர்களுக்குச் சேரும். 1950இல் ‘தி ஹேங்க் மெக்யூன் ஷோ’ என்ற தொடரில், எதிரே பார்வையாளர் யாருமில்லாமல் எடுத்த காட்சிகளுக்குப் பதிவுசெய்த சிரிப்பைச் சேர்த்தார்கள். அடுத்து சார்லி டக்ளஸ் என்ற ஒலிப் பொறியாளர் அதற்கென்றே ஒரு பெட்டி செய்தார். ஒரு கட்டையை அழுத்தினால் மெல்லிய சிரிப்பு, இன்னொன்றை அழுத்தினால் வெடிச்சிரிப்பு. பெட்டியைத் திருடிவிடப் போகிறார்களென்று பூட்டுப் போட்டே வைத்திருந்தாராம். நம் ஆட்கள் அவரையும் மிஞ்சிவிட்டார்கள். இயந்திரத்தை நம்பாமல், சம்பளம் கொடுத்து, ஒப்பனை போட்டு, உயிருள்ள மனிதர்களையே சிரிப்பதற்கு உட்கார வைத்திருக்கிறார்கள்.

அந்த நாட்டிலும் சில பிடிவாதக்காரர்கள் இருந்தார்கள். கொரியப் போர்க்கள மருத்துவமனையில் நடக்கும் ‘மாஷ்’ தொடரை 1972இல் ஆரம்பித்தவர்கள், அறுவைச் சிகிச்சைக் காட்சிகளில் மட்டுமாவது சிரிப்பொலி கூடாதென்று தொலைக்காட்சி நிறுவனத்தோடு மல்லுக்கட்டி வாங்கினார்கள். பிரிட்டனில் பிபிசி அந்தத் தொடரைச் சிரிப்பொலி இல்லாமலே ஒளிபரப்பியது. பார்க்கிறவருக்குத் தானாகப் புரியும் என்று நம்பிவிட்டார்கள். அவ்வளவு பெரிய ஆபத்தில் நம் தயாரிப்பாளர்கள் இறங்குவதில்லை.

சொந்த மரபை விட்டுக்கொடுக்காத குணத்தையும் பாராட்ட வேண்டும். ஆணுக்குப் புடவை கட்டிவிட்டால் சிரிப்பு. குண்டு, கறுப்பு, வழுக்கை, திக்குவாய் என்று சொன்னால் சிரிப்பு. மனைவி என்றாலே சிரிப்பு. ஆண்டுகள் உருண்டாலும் பட்டியல் மாறவில்லை. மேடையில் நிற்கும் பெண்ணின் நிறத்தை அவள் எதிரிலேயே கேலி செய்கிறார்கள். அவளும் சிரித்தாக வேண்டும், கேமரா அவள் முகத்துக்கு அருகில் வந்து நிற்கிறது. வீட்டில் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பருமனான பையனுக்கோ கறுப்பான பெண்ணுக்கோ, மறுநாள் வகுப்பில் என்ன பெயர் விழப்போகிறது என்பதும் அப்போதே தெரிந்துவிடும். பள்ளிப் பிள்ளைகள் தாங்களே பட்டப்பெயர் யோசித்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், எல்லாம் ஆயத்தமாக வீடு தேடி வருகிறது.

இந்த வசதிகள் கிடைக்காமல் போனவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. 1964இல் ஸ்ரீதர் ‘காதலிக்க நேரமில்லை’ எடுத்தார். அதில் நாகேஷ், தான் எடுக்கப்போகும் பேய்ப்படத்தின் கதையைப் பாலையாவுக்குச் சொல்கிறார். ஒரு நாற்காலி, இரண்டு மனிதர்கள், அவ்வளவுதான். நாகேஷ் வாயாலேயே கதவைத் திறக்கிறார், காற்றை வீசுகிறார். பாலையா பேசுவதே இல்லை என்று சொல்லலாம். முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிறுகிறது, உடம்பு ஒடுங்குகிறது. அந்தக் காட்சிக்குள் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. நடுவரில்லை, ‘டொய்ங்’ இல்லை, மெதுவாக ஓட்டிக்காட்ட ஆளில்லை. இத்தனை குறைகளோடு அது அறுபது வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. விஜய் டிவியின் ‘லொள்ளு சபா’வுக்கும் வசதி போதாது. மட்டமான விக்கும் ஒப்புக்குப் போட்ட செட்டும் வைத்துக்கொண்டு, பெரிய நடிகர்களின் படங்களையே கிண்டல் செய்தது. அவ்வளவு துணிச்சல் இன்றைய மேடைக்குத் தேவைப்படவில்லை. அடுத்த வாரம் வெளிவரும் படத்தின் நாயகன் விருந்தினராக வந்து உட்கார்ந்திருக்கும்போது அவர் படத்தைக் கேலி செய்வது பண்பாடாகுமா?

ஒன்றை மனதாரச் சொல்ல வேண்டும். பின்புலம் எதுவும் இல்லாத பையன்களுக்குக் கதவு திறந்தது இந்த மேடைதான். சிவகார்த்திகேயன் ‘கலக்கப் போவது யாரு’ வழியாக வந்தவர். இன்றைக்கும் சின்ன ஊர்களிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள், தாங்களே எழுதித் தாங்களே நடிக்கிறார்கள். அவர்களை மேடை எப்படியெல்லாம் தாங்குகிறது! நகைச்சுவை மட்டும் பற்றாது என்று அம்மாவை ஊரிலிருந்து வரவழைத்து, வயலின் போட்டு அழவைக்கிறது. வறுமையைச் சொல்லச் சொல்லி மதிப்பெண் போடுகிறது. நல்ல நகைச்சுவைக்காரன் வசனத்தைச் சொல்லிவிட்டு ஒரு கணம் பேசாமல் நிற்பான், எதிரே இருப்பவர் மனசில் அது போய் விழட்டும் என்று. இந்தப் பையன்களில் சிலருக்கு அந்தக் கணக்கு பிறவியிலேயே வந்திருக்கிறது. படத்தொகுப்பில் அமர்ந்திருப்பவர் விழிப்பானவர். அந்த ஒரு கணத்தைக் கண்டுபிடித்து, அங்கே நடுவரின் சிரிப்பை வெட்டி ஒட்டி, மேலே ஒரு ‘டொய்ங்’கும் வைத்து, இடைவெளியே தெரியாமல் அடைத்துவிடுகிறார்.