அவர்களுக்குக் கடவுள், உங்களுக்குக் கடைசித் தேதி

அடுத்த கொள்ளைநோய் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அப்போதும் ஜிஎஸ்டி படிவத்துக்கு ஒரு கடைசித் தேதி இருக்கும் என்பது மட்டும் நிச்சயம். ஆகவே சிறுதொழில் செய்வோரும் தொண்டு நிறுவனம் நடத்துவோரும் இப்போதே படித்துவைத்துக்கொள்ள, 2020, 2021 கொரோனா அனுபவங்களிலிருந்து திரட்டிய வழிகாட்டி இது. கட்டணம் கிடையாது. வாங்கினால் 18 சதவீதம் சேர்த்து வாங்க வேண்டியிருக்கும்.

முதல் பாடம்: கடன் இல்லாமல் தொழில் செய்யாதீர்கள். 2020 மே மாதம் ஐந்து நாள் தொடர்நாடகமாக விவரிக்கப்பட்ட மத்திய அரசின் 20 லட்சம் கோடி ரூபாய் நிவாரணத் திட்டத்தில், சிறுதொழில்களுக்கென 3 லட்சம் கோடி ரூபாய் பிணையில்லாக் கடன் இருந்தது. பிப்ரவரி 29 அன்று வங்கிக்கு எவ்வளவு பாக்கி வைத்திருந்தீர்களோ, அதில் 20 சதவீதம் புதுக் கடனாகக் கிடைத்தது. திருப்பூரில் பன்னிரண்டு மெஷின் போட்டு பனியன் தைத்துக் கொடுக்கும் ஒரு ஜாப் ஒர்க்காரர், ஆடிட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

“பேங்க்ல லோன் எவ்வளவுங்க நிக்குது?”

“லோனே இல்லீங்க சார். கடன் மட்டும் வாங்கீராதடான்னு எங்கப்பா சொல்லீட்டுப் போயிட்டாருங்க.”

“அப்ப உங்களுக்குப் பூஜ்யத்துல இருபது பர்சென்ட்டுங்க.”

அப்பா பேச்சைக் கேட்டவன் கெட்டான். ஊரெல்லாம் கடன் வைத்தவனுக்கு மேலும் கடன். இதற்குப் பெயர் நிவாரணம்.

இரண்டாம் பாடம்: உங்கள் பணத்தையே உங்களுக்குக் கொடுத்தால் நன்றி சொல்லப் பழகுங்கள். டிடிஎஸ் பிடிக்கும் விகிதத்தில் கால் பங்கைக் குறைத்தார்கள். வரி குறையவில்லை, முன்கூட்டிப் பிடிப்பதுதான் குறைந்தது. மிச்சத்தை ஆண்டுக் கடைசியில் கட்டியே ஆக வேண்டும். இது 50,000 கோடி ரூபாய் உதவி என்று அதே திட்டக் கணக்கில் ஏறியது. சட்டைப்பையில் கைவிட்டு நூறு எடுக்க வந்தவர் எழுபத்தைந்தை எடுத்துக்கொண்டு, “மிச்சத்துக்கு அப்புறம் வருகிறேன்” என்று சொல்லிவிட்டுப் போகிறார். போகிற வழியில் இருபத்தைந்து ரூபாய் தர்மம் செய்ததாக நோட்டில் எழுதிக்கொள்கிறார்.

வங்கித் தவணையையும் ஆறு மாதம் ஒத்திவைத்தார்கள். தவணைதான் தூங்கியது, வட்டி தூங்கவில்லை. அது குட்டி போட்டது, குட்டியும் குட்டி போட்டது. கடையை மூடச் சொன்ன காலத்துக்கு வட்டிக்கு வட்டி போடாதே என்ற தீர்ப்பு எல்லாக் கடன்காரர்களுக்கும் கிடைக்க 2021 மார்ச் வரை உச்ச நீதிமன்றத்தில் காத்திருக்க வேண்டியிருந்தது. கந்துவட்டிக்காரர்கள் இந்த வழக்கை ஆர்வத்தோடு கவனித்திருப்பார்கள்.

மூன்றாம் பாடம்: கடவுள் எல்லோருக்கும் பொது இல்லை. ஜிஎஸ்டியால் வரும் இழப்பை ஐந்து ஆண்டுகளுக்கு ஈடுகட்டுவதாக மாநிலங்களுக்கு 2017இல் சட்டம் போட்டே வாக்குக் கொடுத்தார்கள். 2020 ஆகஸ்ட் 27 அன்று, 2.35 லட்சம் கோடி ரூபாய் பற்றாக்குறை என்றதும், நிதியமைச்சர் இதைக் ‘கடவுளின் செயல்’ என்றார். மாநிலங்கள் கடன் வாங்கிக்கொள்ளலாம் என்று வழியும் காட்டப்பட்டது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகு அக்டோபரில்தான் மத்திய அரசே கடன் வாங்கித் தர இறங்கிவந்தது. நீங்களும் ஒருமுறை முயன்று பாருங்கள். தாமதக் கட்டண நோட்டீசுக்கு ‘கடவுளின் செயல்’ என்று பதில் எழுதுங்கள். சில மாதங்களுக்குத் தாமதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தார்களே என்பீர்கள். செய்தார்கள். அந்தத் தள்ளுபடிக்கும் கடைசித் தேதி வைத்துச் செய்தார்கள்.

நான்காம் பாடம்: நோயாளி வரி செலுத்துபவர் என்பதை மறக்காதீர்கள். கை கழுவும் சானிடைசருக்கு அப்போது 18 சதவீத ஜிஎஸ்டி. ஆம்புலன்ஸுக்கு 28. மூச்சு தரும் வென்டிலேட்டருக்கு 12. எல்லாம் கைவிட்டுப் போனால், சுடுகாட்டின் மின்தகன உலைக்கு மறுபடி 18. முதல் இருமல் முதல் சாம்பல் வரை ஒரு கட்டமும் விட்டுப்போகவில்லை. இவற்றைக் குறைக்க ஜிஎஸ்டி கவுன்சில் முடிவெடுத்தது 2021 ஜூன் 12 அன்று. இரண்டாம் அலை மே மாதமே உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கியிருந்தது. சலுகைக்கும் செப்டம்பர் 30 வரைதான் ஆயுள்.

இனி தொண்டு நிறுவனங்களுக்கு. உங்களை அரசு மறக்கவில்லை. 2020 ஏப்ரலில் 92,000க்கும் மேற்பட்ட தொண்டு நிறுவனங்களுக்கு உதவி கேட்டு நிதி ஆயோக் கடிதம் எழுதியது. நீங்களும் அரிசி மூட்டையோடு ஓடினீர்கள். உங்களுக்கு நன்கொடை கொடுப்பவருக்குப் பொதுவாகப் பாதித் தொகைக்குத்தான் வரிக்கழிவு. பிரதமரின் பிஎம் கேர்ஸ் நிதிக்குக் கொடுத்தால் முழுத் தொகைக்கும். கம்பெனிகள் பிஎம் கேர்ஸுக்குக் கொடுத்தால் அது சமூகப் பொறுப்புச் செலவு. முதலமைச்சர் நிவாரண நிதிக்குக் கொடுத்தால் இல்லை என்று ஏப்ரல் 10 சுற்றறிக்கை தெளிவுபடுத்தியது. பிரதமர் பெயரில் இயங்கும் அந்த நிதிக்கு வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்திலிருந்து விலக்கு, தகவல் உரிமைச் சட்டம் செல்லாது, சிஏஜி தணிக்கை கிடையாது. அறம் செய விரும்பு, எங்கே செய்வது என்று நாங்கள் சொல்கிறோம்.

செப்டம்பரில் அரிசி மூட்டைக்குக் கைம்மாறு வந்தது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்டது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20க்கு இறங்கியது. பெரிய அமைப்பு வாங்கிய பணத்தைக் கிராமத்துச் சிறிய அமைப்புக்குக் கொடுப்பது சட்டவிரோதமானது. குமரியில் இருந்தாலும் கோஹிமாவில் இருந்தாலும், வெளிநாட்டுப் பணம் டெல்லி ஸ்டேட் வங்கியின் ஒரே கிளையில்தான் இறங்க வேண்டும். கணக்குத் திறக்க 2021 மார்ச் 31 வரை கெடு. திறக்க முடியாதவர்கள் ஏப்ரல் 1 முதல் வெளிநாட்டிலிருந்து ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது.

அந்த ஏப்ரலில்தான் மக்கள் மருத்துவமனை வாசலில் ஆக்சிஜனுக்காக நின்றார்கள். கடலுக்கு அப்பால் கொடுக்கத் தயாராக இருந்தவர்களிடம், “இன்னும் டெல்லிக் கணக்கு வரவில்லை” என்று சொல்லும் நிலையில் தொண்டு நிறுவனங்களை நிறுத்தியிருந்தார்கள். நோயோடு பேச்சுவார்த்தை நடத்த முடியாது என்பது உண்மை. கெடு வைத்த உள்துறை அமைச்சகத்தோடு நடத்தியிருக்கலாம். அது மனிதர்கள் நடத்தும் இடம்.

கெடுவை ஜூன் 30 வரை நீட்டிக்கும் அறிவிப்பு 2021 மே 18 அன்று வந்தது. மறுநாள் காலை மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட கணக்கில், முந்தைய 24 மணி நேரத்தில் கொரோனாவால் இறந்தவர்கள் 4,529 பேர்.