புழுவிடம் கோள் சொன்ன குச்சி

க்ரூ, செஷயர்
ஜூலை 6

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வாட்ஸ்அப்பில் எவ்வளவு எழுதினாலும் நீங்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுகிறீர்கள். அதனால்தான் தாளும் பேனாவும் எடுத்தேன். இதற்குக் கட்டைவிரல் போட முடியாது.

மார்ச்சில் அனுப்பிய தோட்டத்துப் படத்தைப் பார்த்துவிட்டு, "என்னடா, கொல்லையில் எருக் கொட்டி வைத்திருக்கிறாய்?" என்று கேட்டீர்கள். எரு இல்லை சித்தப்பா. ஒரு பிராணி ராத்திரியோடு ராத்திரியாக அடியிலிருந்து தள்ளிவிட்டுப் போன மண். 11 மேடு. நான் இரண்டு வருடமாகக் குழந்தை மாதிரி வளர்த்த புல்தரையில், அம்மை போட்டது போல.

அதன் பெயர் மோல். புத்தகத்தில் அகழெலி என்கிறார்கள். மன்னார்குடிப் பக்கத்து எலி ஒவ்வொன்றையும் வளை பார்த்தே அடையாளம் சொல்லும் உங்களிடம் இதைக் காட்ட வழியில்லை. நம் பக்கம் இது கிடையாது. எலி என்று பேர்தானே ஒழிய எலியும் இல்லை. நெல்லைத் தொடாது, கிழங்கைத் தொடாது. மண்புழுதான் பிரதான ஆகாரம். கறுப்பு வெல்வெட்டுச் சட்டை, கடுகு போல் கண், முன்கை இரண்டும் மண்வெட்டி. தரைக்கடியில் சுரங்கம் வெட்டி வைத்துவிட்டு, அதற்குள் வந்து விழும் புழுக்களை ரோந்து போய்ப் பொறுக்கிக்கொள்கிறது. தின்னும்போது புழுவை இரண்டு கைக்கும் நடுவில் பிடித்து இழுக்குமாம். நாம் முருங்கைக்காயைப் பல்லில் வைத்து இழுப்போமே, அப்படி. வயிற்றில் இருக்கும் மண் பிதுங்கி வெளியே போய்விடும். தினமும் தன் எடையில் பாதியாவது சாப்பிட்டாக வேண்டிய உடம்பு. மிஞ்சினால் புழுவின் தலைப்பக்கம் ஒரு கடி. புழு சாகாது, நகரவும் நகராது. குளிர்பெட்டி இல்லாமலே கெடாத கறி.

இதையெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்து சொன்னவள் உங்கள் பேத்தி. அதோடு நிறுத்தியிருக்கலாம். "அப்பா, இது எலிக்குச் சொந்தமில்லையாம், மூஞ்சூறுக்குத்தான் சொந்தமாம்" என்று அடுப்படியில் போய்ச் சொல்லிவிட்டாள். உங்கள் மருமகள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"மூஞ்சூறுன்னா யாரு? பிள்ளையார் வாகனம். அதோட பங்காளியை இந்த வீட்டில் யாராவது கொன்னீங்க, அப்புறம் நான் பேசமாட்டேன்."

எப்பேர்ப்பட்ட சமயத்தில் என்றால், பக்கத்து வீட்டுப் பெரியவர் பொறியோடு வேலியோரம் வந்து நின்ற சமயம். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். பொறி பெரிய கத்தரிக்கோல் போல இருந்தது, இரும்பில். காலால் மிதித்துச் சுரங்கத்தை அமுக்கிவிட வேண்டும். மறுநாள் எது திரும்பத் தூர்வாரப்பட்டிருக்கிறதோ அதுதான் நடமாட்டம் உள்ள பாதை. அதற்குள் வைக்க வேண்டும் என்று பாடம் நடத்தினார். இதற்கென்றே தொழில்காரர்களும் இருக்கிறார்கள். பிடித்தால்தான் காசு. பிடித்ததைக் கணக்குக் காட்ட முள்வேலியில் வரிசையாகத் தொங்கவிடுவார்கள். கிராமத்துப் பக்கம் காரில் போகும்போது பார்த்திருக்கிறேன். சாயங்காலம் எலிக்குக் கிட்டி வைத்துக் காலையில் எண்ணிக் கூலி வாங்குவார்களே நம் வயலில், அந்த ஞாபகம் வந்தது. ஆனால் உங்கள் தஞ்சாவூர்க் கிட்டி இங்கே செல்லாது. பொரி வாசனைக்கு இது மேலே ஏறி வராது.

பெரியவருக்கு நான் தயங்கியது பிடிக்கவில்லை. "இது எங்கள் ராஜாவையே கொன்ற பிராணி" என்றார். சும்மா சொல்கிறார் என்று நினைத்தேன், உண்மைதான். 1702இல் மூன்றாம் வில்லியம் ஏறியிருந்த குதிரை மோல் மேட்டில் கால் இடறி, ராஜா விழுந்து காறையெலும்பு முறிந்து, பின் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தார். அவருக்கு ஆகாதவர்கள் 'கறுப்பு வெல்வெட்டுக் கனவான்' வாழ்க என்று மது அருந்தினார்களாம். எதிரிக்கு எதிரி நண்பன் என்பதை மண்ணுக்கடியில் வரைக்கும் கொண்டுபோனவர்கள் இந்த ஊர்க்காரர்கள்தான்.

பெரியவருக்கும் பிள்ளையாருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, சமரசமாக ஒரு குச்சி வாங்கினேன். தலையில் சூரிய ஒளித் தகடு, மண்ணில் குத்தி வைத்தால் அரை நிமிடத்துக்கு ஒரு தரம் 'உர்ர்ர்' என்று அதிரும். அதிர்ச்சி தாங்காமல் மோல் வீட்டைக் காலி செய்துவிடும் என்று அட்டைப்பெட்டியில் எழுதியிருந்தது. இரண்டு வாங்கினால் ஒன்று பாதி விலை. இரண்டு வாங்கினேன்.

மறுநாள் காலை ஈரத் தரையில் பார்த்தால், குச்சியைச் சுற்றி மண்புழு. ஒன்று இரண்டல்ல. பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸைத் தவறவிட்ட கூட்டம் மாதிரி திசை தெரியாமல் ஊர்ந்துகொண்டிருந்தன. வேலி மேல் நாலு கரும்பறவை, பந்தி போட்டாயிற்றா என்று பார்த்துக்கொண்டு. மோல்? 12ஆவது மேட்டைக் குச்சிக்கு ஒரு முழத் தூரத்தில் போட்டிருந்தது.

விசாரித்தபோதுதான் சங்கதி புரிந்தது. அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் அப்பலாச்சிகோலா காட்டில் தூண்டில் புழு பிடிப்பவர்கள், மரமுளையைத் தரையில் அடித்து, அதன் தலையில் இரும்புப் பட்டையைத் தேய்ப்பார்கள். தரை உறுமும், புழு தானாக மேலே வரும். ஏன் வருகிறது என்று 2008இல் கென் கட்டானியா என்ற விஞ்ஞானி சோதித்து எழுதினார். மோல் தோண்டும்போது எழும் அதிர்வும் அந்த உறுமலும் ஒரே சாயல். மண்பெட்டியில் மோலை விட்டாலும் புழுக்கள் இப்படித்தான் மேலே ஓடிவந்தன. பூமிக்கு மேலே துரத்திக்கொண்டு மோல் வருவது அபூர்வம் என்பதால், மேலே வருவதுதான் தப்பிக்கும் வழி.

ஆக, மோலை விரட்ட நான் காசு கொடுத்து வாங்கிய குச்சி, 'மோல் வருது, மோல் வருது' என்று புழுக்களிடம் போய்க் கோள் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. சம்பந்தப்பட்ட ஆசாமி மட்டும் அசையவில்லை.

இதைக் கேட்டுச் சிரித்த பெரியவர், "நீ வில்லஸ்டனுக்குப் போக வேண்டிய ஆள்" என்றார். நமக்குப் பக்கத்து ஊர்தான். அங்கே 1980இலிருந்து மண்புழு எழுப்பும் போட்டி நடத்துகிறார்கள், உலகச் சாம்பியன்ஷிப்! பள்ளிக்கூட மைதானத்தில் ஆளுக்கு 3 மீட்டருக்கு 3 மீட்டர் பாத்தி. அரை மணி நேரம். தோண்டக் கூடாது, தண்ணீர் ஊற்றக் கூடாது, அது ஊக்கமருந்துக் கணக்கில் சேரும். தோட்ட ஃபோர்க்கைக் குத்தி ஆட்டலாம், தரையைத் தட்டலாம், வாத்தியம் வாசிக்கலாம். முதல் வருடம் வென்றவருக்கு 511 புழு. 2009இல் 10 வயதுப் பெண் ஒருத்தி 567 எழுப்பினாள். இத்தனைக்கும் டார்வினே தோற்ற வித்தை இது. மண்புழு பற்றி 1881இல் எழுதிய கடைசிப் புத்தகத்தில், தரையைத் தட்டினால் மோல் என்று பயந்து புழு வெளியே வரும் என்கிறார்களே என்று பல இடங்களில் தட்டிப் பார்த்ததாகவும், ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை என்றும் ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் வீட்டில் மகன் புழுவுக்குப் பஸூன் வாசித்துக் காட்டினார், புழு கண்டுகொள்ளவில்லை. புழுத் தொட்டியைப் பியானோ மேல் வைத்து ஒரு கட்டையைத் தட்டியதும் வளைக்குள் ஓடியதாம். காது கிடையாது, உடம்பெல்லாம் மிருதங்கம்.

போன வாரம் பேத்தியும் நானும் போனோம். நான் ஃபோர்க்கை ஆட்டினேன். அவள் சலங்கை இல்லாமல் தட்டடவு போட்டாள். கடற்காகங்கள் புல்வெளியில் கால் மாற்றிக் கால் மாற்றித் தட்டிப் புழு எடுப்பதைப் பார்த்துக் கற்றதாகச் சொன்னாள். பரதம் சொல்லிக்கொடுக்கும் டீச்சரிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். 29 புழு. அதில் 21 அவள் பக்கத்தில் வந்தவை. பிடித்ததையெல்லாம் இருட்டி, பறவைகள் அடைந்த பிறகுதான் திரும்ப மண்ணில் விடுகிறார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது.

குச்சிகளைப் பிடுங்கிவிட்டேன். பெரியவர் பொறியைத் துடைத்துப் பரணில் போட்டுவிட்டார். என்னுடன் பேச்சுவார்த்தை கொஞ்சம் குறைவு. ஆனால் வீட்டில் நிலவரம் வேறு. மோல் தள்ளும் மண் சலித்த மாவு போல இருக்கிறது. கல் இல்லை, வேர் இல்லை. மூன்று குளிர்காலமாகச் செத்துச் செத்துப் பிழைத்த கறிவேப்பிலைத் தொட்டிக்கு உங்கள் மருமகள் அதை அள்ளிப் போட்டாள். இப்போது இரண்டு கொத்து விட்டிருக்கிறது. தினமும் காலையில் காபியோடு ஜன்னலில் நின்று, "இன்னைக்கு ஒண்ணும் போடலையே, உடம்புக்கு முடியலையோ?" என்று விசாரிக்கிறாள்.

சித்திக்கு என் நமஸ்காரம். கிட்டி அனுப்பவா என்று கேட்டீர்களே, வேண்டாம். வடகம் அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்