காற்றில் ஒரு புறம்போக்கு

அப்போது என்னிடம் இருந்த பழைய காரில் பாட்டு கேட்க இரண்டே வழி: கேசட், எஃப்.எம். ஒருநாள் கேசட் வாய் என் நாடாவை முழுசாக விழுங்கிவிட்டு மூடிக்கொண்டது. செல்போனிலோ ஆயிரம் பாட்டு. போனுக்கும் ரேடியோவுக்கும் சம்பந்தம் பேசி முடிக்க, ரிச்சி தெருவில் 450 ரூபாய்க்கு எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் ஒன்று வாங்கினேன். சிகரெட் லைட்டர் துளையில் செருகினால் அது ஒரு குட்டி வானொலி நிலையம். அது ஒலிபரப்பும், கார் ரேடியோ பிடித்துக்கொள்ளும்.

"காலியா ஒரு ஸ்டேஷன் பார்த்து வெச்சுக்குங்க சார்" என்றார் கடைக்காரப் பையன்.

காலியாமே! இந்தியாவில் எஃப்.எம். முதன்முதலில் ஒலித்ததே இந்தச் சென்னையில்தான், 1977 ஜூலையில். அதற்கப்புறம் வந்தவர்களெல்லாம் 91.1, 92.7, 93.5, 98.3, 106.4 என்று வேலி போட்டுவிட்டார்கள். அண்ணா பல்கலைக்கழகம்கூட 2004-லேயே 90.4-ல் கொட்டகை போட்டாயிற்று. சுற்றிச் சுற்றிப் பார்த்ததில் 100.5-ல் வெறும் 'உஸ்' கேட்டது. ஆளில்லாத புறம்போக்கு. குடியேறினேன்.

பேரனைப் பார்க்க வந்திருந்த மாமனாரை வத்தலக்குண்டில் கொண்டுபோய் விடும் பயணம்தான் கன்னி ஒலிபரப்பு. பரனூர் சுங்கச்சாவடி வரிசையில் நின்றபோது இளையராஜா பாதியில் காணாமல்போய் சாமி பாட்டு வந்தது. பின்சீட்டில் மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டார். பக்கத்து வண்டியை எட்டிப் பார்த்தேன். அதே டப்பா, அதே நீல விளக்கு. அவரும் 100.5-ல்தான் குடிசை போட்டிருக்கிறார். வண்டி நகர்ந்ததும் சாமி மலையேறியது. திருச்சி வரை என் ராஜ்ஜியம்.

மணப்பாறையில் முறுக்கு வாங்கிக்கொண்டு கிளம்பியபோதுதான் ஆரம்பித்தது. நாயகன் உருகி உருகி ஏதோ கேட்டான். "தக்காளியில் காய்ப்புழு" என்று பதில் வந்தது. மறுபடி புல்லாங்குழல். மறுபடி புழு.

எஃப்.எம். ரேடியோவின் குணம் அப்படி. ஒரே இடத்தில் இரண்டு குரல் வந்தால், மத்திய அலைபோல இரண்டையும் கலந்து ஊற்றாது. பலசாலியை வைத்துக்கொண்டு மற்றவனைத் துரத்திவிடும். இருவரும் சமபலம் என்றால், மேடேறினால் அவன், பள்ளத்தில் இவன். என் டப்பாவோ தகரக் கூட்டுக்குள்ளே, ஆன்டெனா வெளியே. இரண்டடி தூரத்தில் இருந்தும் நான் வெளியூர்க்காரன்.

"அதை ஜன்னல் ஓரமாப் பிடி" என்றேன் மனைவியிடம். துளையில் செருகிய டப்பாவை எப்படிப் பிடிப்பது என்று கேட்காமல் ஒரு பார்வை பார்த்தாள். மொட்டை மாடியில் டி.வி. ஆன்டெனா திருப்பிய குடும்பத்துப் பெண். அந்தப் பார்வைக்குப் பழக்கம் உண்டு.

"மாப்பிள்ளை, அந்த டப்பாவைக் கழட்டுங்க" என்றார் மாமா. "கொடைக்கானல் வருதுல்ல."

100.5 கொடைக்கானல் பண்பலையின் இடமாம். எங்கள் ஊர்ப் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே என்றார். 7,000 அடி உயர மலைமேல் உட்கார்ந்து சுற்றியுள்ள மாவட்டங்களுக்கெல்லாம் கேட்கும்படி பேசுகிற நிலையம். பட்டாதாரர் வந்து நின்றபின் குடிசைக்காரன் என்ன பேசுவது? கழற்றினேன். காய்ப்புழு கணீரென்று வந்தது. வேப்பங்கொட்டைக் கரைசல் அடிக்கச் சொன்னார்கள். மாமா தலையாட்டினார். திண்டுக்கல் வரை ஒருவரும் வேறு பேச்சு பேசவில்லை.

திரும்பி வந்த பிறகும் ரேடியோவை நான் மாற்றவில்லை. தாம்பரத்தில் அது வெறும் 'உஸ்' என்றுதான் சொல்லும். சிகரெட் லைட்டர் துளையில் இப்போது போன் சார்ஜர். டிரான்ஸ்மிட்டர் மேஜை அறையில் சும்மா கிடக்கிறது. வேண்டுகிறவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம், வத்தலக்குண்டு வழியாகப் போகிறவர்கள் தவிர.