இரவானால் நானும் பேய்தான்

காரைக்கால் அம்மையார் பேயுருவை இறைவனிடம் கேட்டுப் பெற்றார். தலையாலேயே நடந்து இந்தத் திருவாலங்காட்டுக்கு வந்தார். எனக்கு அந்தச் சிரமமெல்லாம் இல்லை. காசு கொடுத்து வாசலில் கேமரா மாட்டினேன், உருவம் தானாக வந்துவிட்டது. பகலில் சுமாராக இருக்கும் முகம், இருட்டியதும் உள்ளே ‘டிக்’ என்றொரு சத்தம் கேட்டவுடன் வெளுத்து, கண்ணிரண்டும் பூனைபோல மினுங்கும்.

அந்த ‘டிக்’ ஒரு கண்ணாடித் துண்டு விலகும் சத்தம். கேமராவுக்கு அகச்சிவப்பும் தெரியும். பகலில் நிறம் கெடாமலிருக்க அந்தக் கண்ணாடி அதைத் தடுக்கும். ராத்திரி கண்ணாடி விலக, குட்டி எல்.இ.டி.கள் பெரும்பாலும் 850 நானோமீட்டர் ஒளியை வாரியிறைக்கும். பச்சை இலை அதை அப்படியே திருப்பியடிப்பதால் என் வேப்பமரம் பனி பெய்த இமயமலை மரமாகிறது. சில கறுப்புச் சாயங்களும் அப்படித்தான். எதிர்வீட்டு ஐயப்ப சாமி கறுப்பு வேட்டியில் போனார். திரையில் வெள்ளை வேட்டி. “என்னங்க, அவர் மாலையைக் கழட்டிட்டாரா?” என்றாள் மனைவி.

அரவைக் காலத்தில் இன்னொரு கூத்து. சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர் விளக்கு அடித்ததும் கேமரா விடிந்துவிட்டதென்று கலருக்கு மாறும். வண்டி போனதும் மறுபடி இருட்டும். ‘ஆட்டோ’வை எடுத்துவிட்டு மாலை ஆறரை, காலை ஆறு என்று நேரம் குறித்தேன். டிராக்டர் அடங்கியது.

எட்டுக்கால் பூச்சி அடங்கவில்லை. லென்ஸ் முன்னால் வலை கட்டும். அகச்சிவப்பு ஒளியில் அதன் நூல் தாம்புக் கயிறாகத் தெரியும். காற்றில் ஆடினால் போதும், ‘மனித நடமாட்டம்’ என்று போன் அலறும். பக்கத்துப் பழையனூரில் நீலி என்ற பேய் கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்ததாகக் கதை. அவளை நம்பி ஏமாந்த எழுபது வேளாளர்களை ஏன் குறை சொல்ல வேண்டும்? என் கேமராவும் அந்தக் கொம்பைக் குழந்தை என்றே சாட்சி சொல்லியிருக்கும்.

சென்சிட்டிவிட்டியைக் குறைத்தேன், பால்காரரே தெரியவில்லை. கூட்டினேன்; மறுபடி சிலந்தி. ஒரு ராத்திரி துணியோடு ஏணியில் ஏறியிருந்தபோது பெங்களூரிலிருந்து மகன் கூப்பிட்டான்.

“அப்பா, கதவைத் திறக்காதீங்க. வாசல்ல ஒருத்தன் ஏணி போட்டு ஏறுறான்.”

“பார்க்க எப்படி இருக்கான்?” என்றேன், மேலிருந்தே.

“லுங்கியை மடிச்சுக் கட்டியிருக்கான். திருட்டு முழி. ஆனா வயசாளிதான், அம்மாவே சமாளிச்சுடுவாங்க.”